சவேரியோ எழும்பும் வரை

எங்கள் தேவாலயப் பங்கு மலருக்கு, ஓய்வுபெற்றவர்கள் தங்கள் வேலை அனுபவத்தை எழுத வேண்டுமாம். மற்றவர்களுக்குப் பிரச்சினை இல்லை. ஒருவர் கப்பலில் இருந்தார், ஒருவர் பெரிய ஹோட்டலில் சமைத்தார். நான் எதை எழுதுவது? “பலெர்மோவில் குழம்பிக்கொண்டிருந்தேன், அதற்குச் சம்பளம் தந்தார்கள்” என்று ஒரு வரி எழுதினால் என் கதை முடிந்தது. அந்த ஒரு வரியையே பிழையில்லாமல் எழுதமாட்டேன் என்று என் மனைவி திரேசா சொன்னாள். அந்த ரோசத்தில்தான் பேனையை எடுத்தேன்.

இன்னொரு காரணமும் உண்டு. கொஞ்ச நாளைக்கு முன் ஒரு பின்னேரம், வடக்கே தொரீனோவிலிருந்து மார்த்தா என்ற ஒரு பெண்பிள்ளை தொலைபேசி எடுத்தாள்.

“சிஞ்ஞோர் சவேரியோ நீங்கள்தானே?”

“ஓம்.”

“நீங்கள் எழும்ப எவ்வளவு நேரம் எடுக்கும்?”

கட்டில் விற்கிறவர்கள் என்று நினைத்தேன். “விடியவோ?” என்று கேட்டேன்.

“இல்லை. முழங்காலிலை இருந்து.”

முழங்கால் என்றதும் ஆஸ்பத்திரியாக்கும் என்று நினைத்து, “டொக்டர் இன்னும் திகதி தரேல்லை, பிள்ளை” என்றேன். அவளுக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. என் உத்தியோகம் முழுக்க இப்படித்தான் போனது. ஆகவே கதையை இங்கிருந்து தொடங்குவது சரிதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தாலியனில் நடந்த பேச்சை எல்லாம் எனக்கு வருகிற தமிழில்தான் எழுதுகிறேன். இத்தாலியர்களும் யப்பான்காரியும் மன்னாரில் பிறந்தவர்கள் மாதிரிக் கதைத்தால் குறை நினைக்காதீர்கள்.

என் பெயர் சவிரிமுத்து. இத்தாலியர்கள்தான் சவேரியோ ஆக்கினார்கள். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் சின்ன வயதிலேயே மனத்தாங்கல் வந்து பிரிந்துவிட்டோம். இங்கே வந்து, எல்லாரையும் போல லிபெர்த்தா வீதியில் ஒரு வயதான சிஞ்ஞோராவைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. சமைப்பது, குளிப்பாட்டுவது, மருந்து கொடுப்பது, சீட்டு விளையாட்டில் கவனமாகத் தோற்பது. சில வருடங்களில் அவர் காலமானார். செத்தவீடு முடிந்த கையோடு அவருடைய மகள் என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார். மகள் இசையமைப்பாளர். எல்லாரும் மாயெஸ்த்ரா என்பார்கள்.

“சவேரியோ, பாரம் தூக்குவியளோ?”

“உங்கடை அம்மாவையே தூக்கினனான்.”

“அவ மெல்லிசு. இது மேளம்.”

இதுதான் எனக்கு நடந்த நேர்முகப் பரீட்சை.

மேளம் என்றால் நான் எங்கள் கோயில் திருநாளில் கண்ட மேளத்தைத்தான் நினைத்தேன். சீசா என்ற பகுதியில் ஒரு மாடிக்கட்டடத்தின் கீழ்த்தட்டில் பழைய களஞ்சிய அறை ஒன்றைத் திறந்து காட்டினார். உள்ளே யப்பான் மேளங்கள். தைக்கோ என்று சொல்வார்கள். பெரியதற்குள் நானும் திரேசாவும் குடியிருக்கலாம், வாடகையும் மிச்சம். முழு மரத்தைக் குடைந்து, மாட்டுத்தோலைப் போர்த்து, சுற்றிவர ஆணி அடித்திருந்தார்கள்.

யப்பான்காரர் பழைய காலத்தில் அடித்த பாட்டுகளை மாயெஸ்த்ரா தொடவில்லை. அந்த மேளங்களுக்குப் புதுப் பாட்டு அமைப்பதுதான் அவருடைய வேலை. பலெர்மோக்காரி ஒருத்தி எதற்காக யப்பான் மேளத்துக்குப் பாட்டுக் கட்டுகிறாள், அதை எதற்காக மன்னார்க்காரன் ஒருத்தன் தூக்கித் திரிகிறான் என்று எங்கள் ஆட்கள் கேட்பார்கள். மூன்று நாட்டிலும் யாருக்கும் பதில் தெரியாது.

வேலையைப் பழக்கியது கெய்கோ. யப்பானில் பிறந்து, பலெர்மோ மாப்பிள்ளையைக் கட்டி வந்தவள். குழுவில் தலைமை மேளக்காரி அவள்தான். அடிப்பவர்களில் மற்றவர்கள் மருந்துக்கடைக்காரர், பஸ் சாரதி, பல் டொக்டர் என்று இந்த ஊர் ஆட்கள். மேளத்தை உருட்டக் கூடாது, தூக்க வேண்டும். மேளத்தின் மேல் கோப்பிக் கோப்பையை வைக்கக் கூடாது. நான் வைத்த அன்று கெய்கோ கோப்பையை எடுத்து, கோப்பியைக் குடித்து, வெறுங்கோப்பையை என் கையில் தந்தாள். பிறகு நான் வைக்கவேயில்லை. சின்ன மேளங்களின் கயிற்றை ஒத்திகைக்கு முன் கட்டையால் தட்டித் தட்டி இறுக்க வேண்டும். முடிந்ததும் தளர்த்த வேண்டும். இல்லாவிட்டால் தோல் களைத்துவிடும். சிரொக்கோ என்ற ஈரக் காற்று வீசுகிற நாளில் தோல் தொய்ந்துபோகும், சத்தம் நனைந்த மெத்தையை அடிப்பது மாதிரி வரும். அன்றைக்கு ஒருவரும் மாயெஸ்த்ராவோடு கதைப்பதில்லை.

மாயெஸ்த்ரா பாட்டை முதலில் கடதாசியில் எழுதமாட்டார். வாயால் சொல்லுவார். தைக்கோ பழகுகிறவர்களின் வழக்கமும் அதுதானாம். பெரிய அடிக்கு “தொன்”, இரட்டை அடிக்கு “தொக்கோ”, விளிம்பில் அடித்தால் “கா”. அடிக்காமல் சும்மா இருக்கிற இடத்துக்கும் “சு” என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். சும்மா இருப்பதற்குக்கூடப் பயிற்சி எடுக்கிற ஆட்களை அன்றுதான் கண்டேன். வறுத்த பூசணி விதையைக் கொறித்துக்கொண்டு, “தொன், தொன், சு, தொக்கோ” என்று அவர் அறைக்குள் நடப்பார். “சு” வருகிற இடத்தில் கோது நிலத்தில் விழும். ஒத்திகை முடிந்து கூட்டும்போது, அன்றைய பாட்டில் எவ்வளவு மௌனம் இருந்தது என்று கோதைப் பார்த்தே சொல்லிவிடுவேன். எனக்குத் தெரிந்த சங்கீதம் அவ்வளவுதான்.

என் உத்தியோகம் உயர்ந்தது ஒரு பிழையால். ஒரு பின்னேரம் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. மேளம் எல்லாம் படாரென்று நின்றது. பாட்டு முடிந்துவிட்டது, இனி வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்து லைற்றை நூர்த்துவிட்டேன். இருட்டுக்குள்ளிருந்து ஒரு பேரிடி வந்தது. பாட்டு முடியவில்லை, அது நடுவில் ஒரு இடைவெளியாம். பல் டொக்டர் இருட்டில் மருந்துக்கடைக்காரரின் விரலில் அடித்துவிட்டார்.

வேலை போய்விட்டது என்று தும்புத்தடியைச் சுவரில் சாத்தினேன். மாயெஸ்த்ரா கிட்ட வந்தார். கோபம் வந்தாலும் அவர் சத்தம் போடமாட்டார், குரல் இன்னும் சின்னதாகும்.

“ஏன் நூத்தனீங்கள்?”

“முடிஞ்சுது எண்டு நினைச்சன்.”

“எந்த இடத்திலை அப்பிடி நினைச்சியள்?”

“எல்லாரும் கையைக் கீழை விட்ட இடத்திலை.”

அவர் திரும்பி, “கையை ஏன் கீழை விட்டனீங்கள்?” என்று மேளக்காரரிடம் கேட்டார். அதற்குப் பிறகு கபோ சந்தையிலிருந்து வந்த ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து, மேளங்களுக்கு முன்னால் வைத்து, “இனி நீங்கள் இஞ்சை இருங்கோ” என்றார். கூட்டாளிமாரிடம் கேட்டால் எல்லாரும் நல்லாயிருக்கு என்கிறார்களாம். எங்கே குழம்புகிறது என்று சொல்ல ஒரு ஆள் தேவையாம். பாட்டு எங்கே போகிறதென்று தெரியாமற் போனால் நான் இடது கையைத் தூக்க வேண்டும். முடிந்துவிட்டது என்று தோன்றினால் வலது கை.

திரேசா நம்பவில்லை. “குழம்பிறதுக்கோ சம்பளம்? அப்ப நீங்கள் இவ்வளவு காலமும் வீட்டிலை எனக்கு இலவசமாச் செய்தனீங்களோ?”

பெட்டியில் இருந்தேன், கை தூக்கினேன். முதல் நாட்களில் இடது கை கீழே இறங்கவேயில்லை. மாயெஸ்த்ரா ஒவ்வொரு தடவையும் நிறுத்தி, நான் குழம்பிய இடத்தை வாயால் திரும்பச் சொல்லிப் பார்ப்பார். சில இடங்களைத் திருத்தினார். சில இடங்களில், “இதிலை குழம்பத்தான் வேணும், கையை இறக்குங்கோ” என்றார். குழம்ப வேண்டிய இடம் எது, குழம்பக் கூடாத இடம் எது என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

இனி ஒரு கஷ்டமான பாட்டின் கதை.

எங்களுக்கு அந்தக் களஞ்சிய அறையையும் மேளங்களையும் தந்திருந்தது ஒரு அறக்கட்டளை. புதுப் பாட்டு ஒன்று கேட்டார்கள். கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு முடிவாம். கெய்கோ என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள்: “இது பிழைச்சால் மேளங்களை வடக்கை வித்துப்போடுவினம். குழு முடிஞ்சுது.” மேளம் போனால் பெட்டியும் போகும், பெட்டி போனால் நானும் போக வேண்டும். அந்த வயதில் தூக்கத் தெரிந்தவனையே ஒருவரும் எடுக்கமாட்டார்கள், குழம்பத் தெரிந்தவனை யார் எடுப்பது?

மாயெஸ்த்ராவுக்கு அதெல்லாம் ஒரு கவலையில்லை. பாட்டுக்கு நடுவில் ஒரு நீண்ட மௌனம் வேண்டும், அது ஒன்றுதான் அவருடைய கவலை. மௌனத்தைக் காட்டுகிறேன் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். எங்கே? கபோ சந்தைக்கு. மத்தியானம் கடை மூடுகிற நேரத்தில், கூவுகிறவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்செடுக்கிற ஒரு கணம் இருக்கிறதாம்.

மீன்காரர் பக்கத்தில் நின்றோம். ஒருவர் கணவாய்க்குக் கத்தினார், ஒருவர் கத்தரிக்காய்க்குக் கத்தினார், ஒருவர் என் காதுக்குள் கத்தினார்.

“கேட்டியளோ?” என்றார் மாயெஸ்த்ரா.

“என்னத்தை?”

“இப்ப வந்து போச்சு.”

நான் இடது கையைத் தூக்கினேன். மீன்காரர் நான் கணவாய் கேட்கிறேன் என்று நினைத்துச் சுற்றித் தந்துவிட்டார். திரேசா அதைப் பிரட்டல் கறி வைத்தாள். மௌனத்தைப் பற்றி அன்று எனக்குக் கிடைத்த லாபம் அதுதான்.

பாட்டு வந்தது. நடுவில் மேளம் எல்லாம் நிற்கும். கெய்கோ பெரிய மேளத்துக்கு முன் இரண்டு தடியையும் மேலே தூக்கியபடி நிற்பாள். மௌனம். பிறகு ஒரேயொரு “தொன்”. ஒரு பள்ளிக்கூடத்தில் அடித்துப் பார்த்தோம். மௌனம் வந்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒரு சதுக்கத்தில் அடித்தோம். “பிராவோ!” என்று கத்தி, கதிரையை மடித்துக்கொண்டு எழும்பினார்கள். அவர்களுடைய முதுகுக்குத்தான் கெய்கோ அந்தத் “தொன்”னை அடிக்க வேண்டி வந்தது. அன்று கைதட்டியவர்களில் நானும் ஒருவன். பாட்டை மனப்பாடமாகத் தெரிந்தும் கை தானாகப் போய்விட்டது.

“சின்னனாக்குங்கோ,” என்றாள் கெய்கோ. “இஞ்சத்தைச் சனம் சத்தமில்லாமல் இருக்காது.”

“சின்னனாக்கினால் அது மௌனம் இல்லை, கெய்கோ, தும்மலுக்கு முந்தின இடைவெளி.”

“அப்ப எவ்வளவு நேரம் நான் கையைத் தூக்கிக்கொண்டு நிக்கிறது? ஒரு கணக்குச் சொல்லுங்கோ.”

கணக்குத்தான் மாயெஸ்த்ராவிடம் இல்லை. ஒவ்வொரு நாளும் ஒரு கணக்குச் சொன்னார், மறுநாள் அழித்தார். அறை முழுக்கப் பூசணிக்கோது. பிறகு ஒரு நாள் கெய்கோ வீட்டிலிருந்து சின்னப் பித்தளைக் கிண்ணம் ஒன்றைக் கொண்டுவந்தாள். யப்பானில் வீட்டில் இறந்தவர்களை நினைத்துத் தட்டுகிற மணியாம். மௌனம் தொடங்குகிறதென்று சனத்துக்குத் தெரிய, அதை மூன்று தரம் தட்டினால் என்ன என்றாள். களஞ்சிய அறையில் தட்டிப் பார்த்தார்கள். நல்ல சத்தம். நான் பெட்டியில் இருந்து மூக்கைச் சொறிந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, இதைக் கவனத்தில் வைத்திருங்கள்.

அறக்கட்டளைக்காரருக்கு அடிக்கிற நாள் வந்தது. இடம் பழைய பட்டணத்தில், இப்போது பூசை நடக்காத ஒரு கோயில். பலெர்மோவில் அப்படிக் கோயில்கள் கனக்க உண்டு. பீடம் வெறுமை, சனம் இருக்கப் பிளாஸ்டிக் கதிரை. இத்தாலியர்கள் பிந்தித்தான் வருவார்கள், நீங்கள் முன்வரிசையை நிரப்பிவிடுங்கள் என்று மாயெஸ்த்ரா சொன்னார். நான் எங்கள் ஆட்களுக்குச் சொன்னேன். சும்மா ஒரு நிகழ்ச்சி என்று சொன்னால் வருவார்களா? “என்ரை நிகழ்ச்சி” என்று சொன்னேன். சீலை, கோட் சூட், பிள்ளைகுட்டியோடு வந்து இறங்கினார்கள். எனக்குப் பக்கத்தில் யோகன். வன்னிப் பக்கம், சைவக்காரன், சீசாவில் என் அயல்வீடு.

“அண்ணை, இதுக்கு என்ன செய்யோணும்?”

“ஒண்டும் செய்யாதை. என்னைப் பாத்துச் செய்.”

அந்த இரண்டாவது வசனத்தை நான் சொல்லியிருக்கக் கூடாது.

பாட்டு தொடங்கியது. கல்லுச் சுவருக்குள் மேளம் வேறு மாதிரி இருந்தது, நெஞ்செலும்புக்குள் யாரோ தளபாடம் நகர்த்துவது மாதிரி. பிறகு எல்லாம் நின்றது. மணி அடித்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

எங்கள் ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. இந்த மலர் வேறு யாரின் கையிலாவது அகப்பட்டால் அவர்களுக்காகச் சொல்கிறேன். பூசையில் குருவானவர் அப்பத்தை உயர்த்துகிற நேரம் மணி அடிக்கும், நாங்கள் முழங்காலில் இருப்போம். நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான். களஞ்சிய அறையில் அந்த மணி எனக்கு வெறும் கிண்ணம். கோயில் சுவருக்குள் என் முழங்கால் என்னைக் கேட்கவேயில்லை. நேரே நிலத்துக்குப் போய்விட்டது.

பின்னால் சரசரவென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். சீலைகள், கோட்டுகள், பிள்ளைகள், எல்லாம் கீழே. யோகனும் கீழே. அவர்களுக்குப் பின்னால் இரண்டு வயதான சிஞ்ஞோராக்கள் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு, அவர்களும் கீழே. ஒருவரும் கைதட்டவில்லை. இருமக்கூட இல்லை. பலெர்மோவில் அப்படி ஒரு மௌனத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

சரி, எழும்பலாம் என்று பார்த்தேன். முழங்கால் வரவில்லை. மேளம் தூக்கிய முழங்கால், போகச் சொன்னால் போகும், வரச் சொன்னால் யோசிக்கும்.

“அண்ணை, எப்ப எழும்பிறது?” யோகன் வாய்க்குள் கேட்டான்.

“கதையாதை.”

“எல்லாரும் உங்களைத்தான் பாக்கினம்.”

மேடையில் கெய்கோ தடிகளைத் தலைக்கு மேலே தூக்கியபடி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முழங்காலில் இருக்கிற சனத்தின் மேல் எப்படி அடிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. நான் யோகனின் தோளைப் பிடித்தேன், பிறகு கதிரையைப் பிடித்தேன், கதிரை கிறீச்சென்றது, ஒருமாதிரி நிமிர்ந்தேன். கோயில் முழுக்க என்னோடு எழும்பியது. கெய்கோ அடித்தாள்.

தொன்.

முடிந்ததும் அறக்கட்டளைக்காரர் மாயெஸ்த்ராவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “சனத்தையும் பாட்டுக்குள்ளை வைச்சியளே, என்ன துணிச்சல்!”

“அதை நான் செய்யேல்லை.”

“என்ன அடக்கம்!” என்றார் அவர். மேளங்கள் எங்களிடமே இருந்தன.

எல்லாரும் போன பிறகு மாயெஸ்த்ரா வாசற்படியில் இருந்து விதை கொறித்தார். சந்தோசமா கோபமா என்று முகத்தில் தெரியவில்லை.

“சவேரியோ, இந்த மணியை முந்தி எத்தினை தரம் கேட்டனீங்கள்?”

“கனதரம்.”

“அப்ப இண்டைக்கு ஏன்?”

“எனக்குத் தெரியாது. முழங்காலைத்தான் கேக்கோணும்.”

“நீங்கள் இடது கையும் தூக்கேல்லை, வலது கையும் தூக்கேல்லை. நான் பாத்துக்கொண்டு இருந்தனான். அப்ப விளங்கினதோ?”

“இல்லை, மாயெஸ்த்ரா. ரெண்டு கையும் கும்பிட்டுக்கொண்டு நிண்டது, தூக்க ஏலாமல் போச்சு.”

அவர் இன்னொரு விதையை வாயில் போட்டார். “அப்ப அந்த மௌனம் என்ரையோ, பூசையின்ரையோ?”

“பாதி என்ரை முழங்காலின்ரை,” என்றேன்.

சிரித்ததில் விதை தொண்டையில் சிக்கி, முதுகில் தட்ட வேண்டி வந்தது. ஆனால் அந்தக் கேள்வி அவரை விடவில்லை. மௌனம் எவ்வளவு நேரம் இருந்தது என்று எல்லாரிடமும் கேட்டார். கெய்கோவின் கைக்கு அது ஒரு யுகம். யோகனுக்கு ஒரு நிமிசம். களஞ்சிய அறையில் என்னை முழங்காலில் இருத்தி, எழும்பச் சொல்லிப் பார்த்தார். “இல்லை, இது நடிப்பு” என்று கையை வீசிவிட்டுப் போனார். அது உண்மை. அன்று முழங்கால் நன்றாக வேலை செய்தது.

நான் ஓய்வுபெற்ற பிறகுதான் அந்தப் பாட்டு அச்சில் வந்தது. கெய்கோ கொண்டுவந்து காட்டினாள். பக்கமெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரிப் புள்ளிகள். நடுவில் ஒரு இடம் மட்டும் வெள்ளை. கணக்கு ஒன்றும் இல்லை, ஒரு வரிதான்: “சவேரியோ எழும்பும் வரை.”

திரேசா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள். “உங்கடை முழங்காலைப் புத்தகத்திலை போட்டிருக்கினமே!”

எனக்குப் பெருமைப்படுவதா, இது என்னை வைத்து விட்ட பகிடியா என்று விளங்கவில்லை. மாயெஸ்த்ராவைக் கேட்கலாம் என்று பல தடவை தொலைபேசி எடுத்துவிட்டு, வேறு எதையோ கதைத்து வைத்துவிடுவேன்.

தொரீனோப் பிள்ளை மார்த்தா கேட்டது இதைத்தான். அவர்கள் இந்தப் பாட்டைப் பழகுகிறார்கள். மாயெஸ்த்ராவிடம் கேட்டால், “அவரையே கேளுங்கோ” என்றாராம். எவ்வளவு நேரம் என்று தெரியாமல் குழு முழுக்க மேளத்துக்கு முன்னால் இருக்கிறதாம்.

“பிள்ளை, வாயாலை சொல்ல ஏலாது,” என்றேன். “கொஞ்சம் பொறுங்கோ.”

தொலைபேசியின் ஸ்பீக்கரைப் போட்டுக் குசினி மேசையில் வைத்துவிட்டு, மேசைக்காலைப் பிடித்து நிலத்தில் முழங்காலில் இருந்தேன். “இருந்திட்டன்” என்று கத்தினேன். அந்தப் பக்கம் அமைதியானது. எழும்பப் பார்த்தேன். இந்த முறை நடிப்பு இல்லை. கோயிலில் பிடித்ததைவிட மோசமாகப் பிடித்துக்கொண்டது.

திரேசா ஓடி வந்தாள். “ஐயோ, விழுந்திட்டியளோ?”

“உஸ். பாட்டு நடக்குது.”

“விசரே உங்களுக்கு?” என்று கேட்டவள், தொலைபேசியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு அடுப்பை நூர்த்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். தெருவில் பஸ் போனது. நான் மேசையைப் பிடித்தேன், வழுக்கியது. அவளுடைய கையைப் பிடித்தேன். அவள் இழுத்தாள். ஒரு கால் வந்தது, கன நேரத்துக்குப் பிறகு மற்றக் காலும் வந்தது.

“எழும்பிட்டன்,” என்றேன்.

தொன்.

அங்கே அவ்வளவு நேரமும் ஒரு பிள்ளை தடியைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். மேசையில் தொலைபேசி துள்ளியது. கோப்பைக்குள் கரண்டி அதிர்ந்தது. திரேசா என் கையை விடாமல், “முடிஞ்சுதோ?” என்று கேட்டாள்.

நான் இடது கையைத் தூக்கினேன்.